கப்பலின் இரண்டாவது மணி

கடலுக்குள் கிடந்த எந்தப் பொருளையும் எடுத்த கையோடு வெயிலில் காயவைக்கக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது, ஐயா. ஆசையாகக் கொண்டுவருவார்கள், துடைப்பார்கள், ஜன்னலோரம் வைத்து அழகு பார்ப்பார்கள். உள்ளே ஊறிய உப்பு காயக் காய உப்பிக்கொண்டு வெளியே வரும். கொஞ்ச நாளில் பொருள் பொரிந்து உதிரும். அதற்குப் பிறகுதான் என் ஞாபகம் வந்து ஓடி வருவார்கள்.

நான் நடந்துகொண்டே பேசலாமா? உட்கார்ந்தால் எனக்கு வாக்கியம் முடிவதில்லை. சின்ன வயதில் என் அம்மாகூட, இவன் காலில் சக்கரத்தைக் கட்டிவிட்டது யார் என்று கேட்பாள். சாப்பிடும்போதும் விரல் எதையாவது சுரண்டிக்கொண்டிருக்கும். இந்த மேசை விளிம்பில் வார்னிஷ் போயிருக்கிறதே, அது நேற்று நான் செய்த வேலைதான். மன்னியுங்கள்.

என் தொழிலைப் பற்றிக் கேட்டீர்கள். அலையே இல்லாத ஒரு நாளில் பாறைத்திட்டில் மோதி, அத்தனை பேருடன் போய்ச் சேர்ந்ததே, பாடப் புத்தகத்தில் படத்தோடு வருகிற கப்பல், அதன் பொருட்களைச் சேகரிக்கிறேன். மற்றவர்கள் கொண்டுவருவது அந்தக் கப்பலுடையதுதானா என்றும் பார்த்துச் சொல்கிறேன். தட்டு, கரண்டி, கதவுக் கைப்பிடி, பூட்டு, ஒற்றைச் செருப்பு, எதுவானாலும். எனக்கு ‘உரைகல்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கேலியாக வைத்தார்களோ மரியாதையாக வைத்தார்களோ, நான் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன். ஒருமுறை ஒரு பெரியவர், கப்பலோடு போன தன் அக்காவின் வளையல் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அதிலிருந்த கொக்கி, கப்பல் மூழ்கிப் பல வருஷம் கழித்துப் புழக்கத்துக்கு வந்த வகை. இல்லை என்று சொன்னேன். அந்த மனிதர் என் எதிரிலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுகிறார் என்பதற்காக இல்லாததை இருக்கிறது என்று சொல்ல முடியுமா? நாக்கு என்று ஒன்று இருக்கிறதே.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கப்பலின் மணியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காட்சிக்கூடத்தின் நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கப்பல் சாயும்போது மணியை நிறுத்தாமல் அடிக்கச் சொன்னாராம் கப்பல் தலைவர். படகுகளில் தப்பியவர்கள் எல்லாரும் அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் சொன்னார்கள். அது நின்றபோது எல்லாம் முடிந்தது என்று புரிந்துகொண்டார்களாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் முன்னால் வரிசையாக நிற்கும்போது சத்தம் போடுவதில்லை. பெட்டிக்குக் கீழே, பார்த்து உறுதிசெய்தவர் என்று என் பெயர் இருக்கிறது. என் வாழ்க்கையில் நான் சம்பாதித்தது அந்த ஒரு வரிதான்.

அது என்னிடம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பழைய உலோகம் வாங்கி விற்கும் ஒருவர், மீன் வலையில் சிக்கியது என்று சொல்லிக் கொண்டுவந்தார். மணியின் மேல் கப்பலின் பெயர் இருந்தது. இருபது வருஷமாக நான் கனவில் தட்டிப் பார்த்த மணி அது. முறைப்படி சுத்தமான தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். கடலடியில் பல காலம் கிடந்த உலோகம் மாதக்கணக்கில் உப்பைக் கக்கிக்கொண்டே இருக்கும். தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து ஒரு கரைசலில் விட்டால் பால்போல வெளுக்கும். தண்ணீரை மாற்றினாலும் திரும்ப வெளுக்கும். இந்த மணி முதல் வாரம் வெளுத்தது. அடுத்த வாரம் தண்ணீர் தெளிந்துவிட்டது.

சேற்றில் புதைந்து கிடந்திருந்தால் உப்பு அவ்வளவாக ஏறியிருக்காது என்று எனக்குத் தோன்றியது. நியாயமான காரணம்தானே. ஆனால் காட்சிக்கூடத்துக்காரர்கள் சோதனையைக் கண்ணால் பார்க்க வருவதாக இருந்தார்கள். அவர்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் விளங்காது. அதனால் அவர்கள் வருவதற்கு முந்தின நாள் சமையலறையிலிருந்து ஒரு கை உப்பை எடுத்துத் தொட்டியில் போட்டேன். உண்மைக்கு ஒரு கைகொடுத்தேன், அவ்வளவுதான். அதன் பிறகு அந்த மணியைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை.

இப்போது மாப்பிள்ளையைப் பற்றி. என் ஒரே தங்கையின் கணவர். வீட்டில் எல்லோருக்கும் அவர் நீர்க்காகம். மூழ்கினால் எங்கே எழுந்திருப்பார் என்று சொல்ல முடியாது, எழுந்திருக்கும்போது வாயில் ஏதாவது இருக்கும் என்று என் தங்கைதான் பெயர் வைத்தாள். அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார். கபடமில்லாத மனிதர். என்னிடம் உள்ள நல்ல பொருட்களில் பாதி அவர் எடுத்துக் கொடுத்தவை. எடுத்தவர் என்று அவர் பெயர் எங்கேயும் வந்ததில்லை. அவரும் கேட்டதில்லை.

நாங்கள் வேலை செய்த முறையை உங்களுக்கு விளக்க வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. அவர் முதுகில் சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்குகிறவர் அல்ல. படகில் ஒரு கம்ப்ரசர் இருக்கும். அதன் எஞ்சின் ஓட ஓட, நீளமான குழாய் வழியாகக் காற்று கீழே அவர் வாய்க்குப் போகும். கம்ப்ரசர் வெளிக்காற்றை இழுக்க ஒரு சின்னக் குழாய் உண்டு. அதன் வாயை எப்போதும் காற்று வருகிற திசையில் வைக்க வேண்டும். காற்று திரும்பினால் எஞ்சின் கக்குகிற புகை அந்த வாய்க்குள் போய்விடும். கீழே இருப்பவருக்குத் தெரியாது, அந்தப் புகையில் பாதிக்கு மணமே இல்லை. அவருக்குத் தூக்கம்தான் வரும். அதனால் மேலே ஒருவர் காற்றைப் பார்த்துக்கொண்டே உட்கார வேண்டும். கல்யாணமான புதிதில் என் தங்கைதான் உட்கார்ந்தாள். குழந்தை வந்த பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. சும்மா இருக்க முடியாத கை, குழாயைத் திருப்பிக்கொண்டே இருக்கட்டும் என்று அவள் சிரித்தாள். என்னிடம் கணவரை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவேன் என்றும் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அவரிடம் ஒரு கயிறும் கட்டியிருக்கும். இழுத்தால் நான் தூக்க வேண்டும்.

ஒரு நாள் காலையில் அவர் என் வேலையறைக்கு வந்தார். தலை துவட்டக்கூட இல்லை, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முந்தின வாரம் நான் காய்ச்சலில் கிடந்தபோது வேறொருவரை உட்காரவைத்துவிட்டு இறங்கினாராம். கப்பலின் முன்பக்கம் ஒரு பலகை சரிந்திருந்ததாம். அதன் அடியில் கைவிட்டுப் பார்த்திருக்கிறார். அன்றைக்கும் போய் உறுதிசெய்துகொண்டு நேராக என்னிடம் வந்திருக்கிறார்.

“மணி இருக்கு மச்சான். விரலால எழுத்தைத் தடவிப் பார்த்தேன். கப்பல் பேரு அப்படியே இருக்கு.”

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். கப்பலில் சின்னச் சின்ன மணிகள் நிறைய இருக்கும் என்றேன். சாப்பாட்டு மணி, அறை மணி. அவர் இரண்டு கையையும் விரித்து அளவைக் காட்டினார். பெயர் பொறித்த பெரிய மணி ஒரு கப்பலுக்கு ஒன்றுதான். அதை அவருக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். கையிலிருந்த தூரிகையை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர் என்மேல் குற்றம் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். சண்டை போட்டிருப்பேன், வெளியே போகச் சொல்லியிருப்பேன். அவர் என் தோளில் கை வைத்தார். ஈரக் கை.

“உங்களையே எவனோ ஏமாத்திட்டான் மச்சான். விடுங்க, யாருக்கும் நடக்கிறதுதான். இதை மேல எடுத்துட்டு நீங்களே மேடையேறிச் சொல்லுங்க. இன்னும் மரியாதைதான் கூடும்.”

அந்த இரக்கத்தை என்னால் விழுங்க முடியவில்லை. என்னைப் பார்த்து ஒருவர் பாவம் என்று நினைப்பது அதுவே முதல் தடவை. எனக்கு ஆத்திரம் வந்தது, பயமும் வந்தது. மறைக்க ஒன்றுமில்லை, இரண்டும் வந்தது. ஆனால் வெளியே நிதானமாகத்தான் பேசினேன். யாரிடமும் மூச்சுவிட வேண்டாம், நானே பக்கத்தில் இருக்கும்போது எடுக்கலாம் என்றேன். சத்தியமாக யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றார். பெண்டாட்டியிடம் சொல்வதை யாரிடமும் சொல்வதாக அவர் கணக்கில் வைப்பதில்லை என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

அடுத்த சில நாட்கள் நான் ஓர் இடத்தில் நின்றதில்லை. வேலையறைக்கும் வாசலுக்கும் நடந்தேன். காட்சிக்கூடத்துக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நின்றேன். நின்றால் பிள்ளைகள் பின்னால் வந்து நின்றார்கள், நகர்ந்தேன். வெளியே வந்தால் திரும்பவும் உள்ளே போகத் தோன்றியது. பொறுப்பாளர் அம்மா, என்ன சார் உங்க பிள்ளையைப் பார்க்க வந்தீங்களா என்று கேட்டார். நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவர். நான் வாசலைப் பார்த்து நடந்தேன். வீட்டில் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து மூடினேன். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, அந்த இடம் ஆபத்தானது, பலகை சரிந்து மேலே விழும் என்று சொல்லிப் பார்த்தேன். ஆபத்து இல்லாத இடத்தில் என்றைக்கு எடுத்தோம் என்று சிரித்தார். ஆக, நான் தடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அன்றைக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். ரகசியம் என்று நான் சொல்லியிருந்தேன் அல்லவா. பகல் வெளிச்சம், தெளிவான வானம். குழாயின் வாயைக் காற்று வரும் பக்கமாக நானே வைத்தேன், சரியாக வைத்தேன். எஞ்சினைக் கிளப்பினேன். அவர் தண்ணீரில் இறங்கும் முன் கட்டைவிரலைக் காட்டினார். நானும் காட்டினேன். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை. திட்டம் போட்டாயா என்று நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள். இல்லை.

கொஞ்ச நேரத்தில் காற்று நின்றது. பிறகு எதிர்ப் பக்கத்திலிருந்து மெல்ல வந்தது. எஞ்சின் புகை முதலில் நேராக மேலே போனது, பிறகு சாய்ந்தது, பிறகு படகின் மேலேயே படுத்துக் குழாயின் வாய்ப் பக்கம் போனது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாய் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. எழுந்திருக்கக்கூட வேண்டாம், கையை நீட்டினால் போதும்.

கையை நீட்டவில்லை. அதைத்தான் இப்போது ஒப்புக்கொள்கிறேன். நான் ஒன்றுமே செய்யவில்லை. ஆச்சரியம் என்னவென்றால், இத்தனை வருஷமாக ஓயாத கை அன்றைக்கு மடியில் வைத்தது வைத்தபடி கிடந்தது. காலும் ஆடவில்லை. இவ்வளவு அமைதியாக நான் உட்கார்ந்ததே இல்லை. ஒருமுறை கயிறு அசைந்தது. பலமான இழுப்பு என்று சொல்ல மாட்டேன், தூக்கத்தில் போர்வையை இழுப்பார்களே, அந்த மாதிரி. கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். பிறகு அசையவில்லை. காற்று மறுபடி பழைய திசைக்கு வந்த பிறகு தூக்கினேன்.

கரைக்குக் கொண்டுவந்தபோது மருத்துவர் மூச்சு முட்டி இறந்ததாகச் சொன்னார். கடலில் இறங்குகிறவர்கள் சாகும் விதத்தை யாரும் துருவிக் கேட்பதில்லை. முகம் சிவந்து, நன்றாகத் தூங்குகிறவரைப் போல இருந்தார். பார்க்க வந்த எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அலைச்சல் எல்லாம் என்னுடையது. ஆள் சொல்லி அனுப்பியதிலிருந்து நாற்காலி வாடகைக்கு எடுத்தது வரை ஓடி ஓடிச் செய்தேன். நீ இல்லைன்னா நான் என்ன பண்ணியிருப்பேன் அண்ணா என்று தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளைப் பார்க்க எனக்கு வேதனையாக இருந்தது. நிஜமாகவே இருந்தது, ஐயா. நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு அப்படிப் பார்க்க வேண்டாம்.

மறுபடி கையும் காலும் பழையபடி ஆகிவிட்டன. முன்னைவிட மோசம். சட்டைப் பொத்தானைத் திருகித் திருகி எல்லாச் சட்டையிலும் ஒரு பொத்தான் இல்லை.

துக்கம் கொஞ்சம் ஆறியதும் என் தங்கை ஒரு காரியம் செய்தாள், என்னிடம் கேட்காமல். கடல் தொல்பொருள் துறைக்குப் போய், என் கணவர் கடைசியாகக் கண்டுபிடித்தது ஒன்று அங்கே இருக்கிறது, அதை எடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். அவர்களும் ஆட்களை இறக்கி எடுத்துவிட்டார்கள். அதைச் சொல்லத்தான் போன வாரம் என் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு வெளிச்சம். அவர் பெயரை மணிக்குக் கீழே போட வேண்டும் என்றாள். ஆனால் ஒரே கப்பலுக்கு இரண்டு மணி எப்படி என்று காட்சிக்கூடத்தில் இழுக்கிறார்களாம். உரைகல் பார்த்துச் சொன்னால் ஒப்புக்கொள்வார்களாம். நீ பார்த்தால் போதும் என்றாள். நான் எழுந்து ஜன்னலை மூடினேன், திறந்தேன். அப்போதுதான் அவள் அதைக் கேட்டாள். யோசித்துக் கேட்டமாதிரிகூட இல்லை.

“அண்ணா, அன்னைக்கு மதியம் காத்து திரும்புச்சு. மாடியில துணி எல்லாம் எதிர்ப் பக்கம் அடிச்சுச்சு, நான் பார்த்தேன். குழாயைத் திருப்பி வெச்சியா?”

இந்த இடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன் என்று என் வக்கீல் சொல்கிறார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. தொழில் சம்பந்தமாக நேராக ஒரு கேள்வி கேட்டால் என்னால் மழுப்ப முடியாது. இல்லை என்றேன். பிறகு அவளே எனக்கு வழியும் விட்டாள்.

“மறந்துட்டியா அண்ணா?”

மெதுவாகத்தான் கேட்டாள். அழுதுகொண்டே, மன்னிக்கத் தயாராகத்தான் கேட்டாள். ஆமாம், மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதிருப்போம், நான் இங்கே வந்திருக்க மாட்டேன். ஆனால் மறப்பதா? நானா? கம்ப்ரசர் முன்னால் உட்கார்ந்துகொண்டு காற்றைக் கவனிக்காமல் கோட்டைவிடுகிற ஆளா நான்? அப்படி ஒரு பெயரைச் சுமக்க எனக்கு மனம் வரவில்லை. சுள்ளென்று கோபம் வந்துவிட்டது.

“நான் எதையும் மறக்கிறவன் இல்ல. காத்து திரும்பினதைப் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

அவள் கத்தவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்வாக்கில் நடந்து வாசலுக்குப் போனாள். செருப்பைப் போடாமல் போய்விட்டாள். மாலையில் நீங்கள் வந்தீர்கள்.

இன்று காலையில் நடந்தது உங்களுக்குத் தெரியும், என் தரப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த அறையில் தண்ணீர்த் தொட்டிக்குள் அந்த மணி இருந்தது. சுவரோரம் என் தங்கை நின்றாள். அவளை உள்ளே விட்டிருக்கக் கூடாது என்பது என் கருத்து. அவர் சாவைப் பற்றி அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

“உன்னைத் தண்டிக்க ஆள் இருக்காங்க, அது என் வேலை இல்ல. அவர் கண்டுபிடிச்ச மணி நிஜம்னு ஒரு வார்த்தை சொல்லு. என் பொண்ணு அந்தப் பெட்டி முன்னாடி போய் நிக்கணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம்.”

சட்டைக் கையை மடித்துக்கொண்டு பார்த்தேன். முறைப்படி பார்த்தேன், அவசரப்படவில்லை. கரைசல் வெளுத்தது. தண்ணீரை மாற்றச் சொன்னேன், மறுபடி வெளுத்தது. வெளுப்பது ஒன்றை மட்டும் வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. ஓரங்களில் சிப்பி வளர்ந்து உலோகத்தைக் கவ்வியிருந்தது. கப்பல் பெயரின் கடைசி எழுத்து லேசாக இடப்பக்கம் சாய்ந்திருந்தது. என் வீட்டிலுள்ள கதவுக் கைப்பிடிகளில் அதே எழுத்து அதே சாய்வோடு இருக்கிறது, தினமும் தடவிப் பார்த்திருக்கிறேன். காட்சிக்கூடத்து மணியில் அந்த எழுத்து நேராக இருக்கும். மணியின் உட்புறத்தைத் தொட்டபோது என் கண்ணில் தண்ணீர் வந்தது. தொட்டித் தண்ணீர் தெறித்திருக்கலாம்.

போலி என்று சொன்னேன்.

நீங்கள் நம்பவில்லை, இன்னொரு தடவை பாருங்கள் என்றீர்கள். தேவையில்லை என்றேன். தங்கை கிட்டே வந்து, தண்ணீருக்குள் கையை விட்டு மணியின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனாள். புடவைத் தலைப்பு நனைந்திருந்தது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அது போலியாக இருந்தால் மாப்பிள்ளையை ஏன் கொன்றாய் என்று கேட்டீர்கள். பதில் எளிது, இதை அப்படியே எழுதுங்கள், கீழே கையெழுத்துப் போடுகிறேன். நான்தான் கொன்றேன், தெரிந்தே கொன்றேன். அவர் வெகுளி. அந்தப் போலியைத் தூக்கிக்கொண்டு மேடையேறியிருந்தால் ஊரே கைகொட்டிச் சிரித்திருக்கும், என் தங்கை தலைநிமிர்ந்து தெருவில் நடந்திருக்க முடியாது. அவருடைய மானத்தைக் காப்பாற்ற எங்கள் வீட்டில் என்னைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?